சி.ஏ.எச். உள்ள பிள்ளைக்கு வீட்டில் பி.பி. பார்ப்பது எப்படி?

சி.ஏ.எச். (கன்ஜெனிடல் அட்ரீனல் ஹைப்பர்பிளாசியா) என்பது சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே வரும் குறை. பெரும்பாலானவர்களுக்கு 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி போதாது. உடம்பில் உப்பு தங்காத வகையாக இருந்தால் உப்பைத் தங்கவைக்கும் ஃப்ளுட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுப்பார்கள். அது கூடிப்போனால் பி.பி. ஏறும், போதாவிட்டால் இறங்கும். 11-பீட்டா ஹைட்ராக்சிலேஸ் என்ற வேறொரு நொதி குறைவாக இருந்தால் நோயே பி.பி.யை ஏற்றிவிடும். எந்த வகை என்று முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. கையில் சுற்றும் பட்டை (கஃப்). அதிகம் தவறு நடப்பது இதில்தான். உள்ளே உள்ள காற்றுப்பையின் அகலம் மேல்கைச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்கட்டும். நீளம் 80 சதவீதமாவது சுற்றி வரட்டும். சின்னப் பட்டை அளவைக் கூட்டிக் காட்டும், பெரியது குறைத்துக் காட்டும். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய மெஷினின் பட்டை 5 வயதுப் பிள்ளைக்கு ஆகாது.

2. ஓடியாடிய பிள்ளையை 5 நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். பேச்சு வேண்டாம்.

3. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று தடவை எடுங்கள்.

4. வளர்ந்த பிள்ளை என்றால் படுக்க வைத்து ஒன்று, எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் ஒவ்வொன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், உப்போ மருந்தோ போதவில்லையா என்று டாக்டர் பார்க்க வேண்டும்.

5. தேதி, நேரம், மாத்திரை கொடுத்த நேரம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். 13 வயதுக்குக் கீழே 120/80 என்ற பெரியவர்கள் கணக்கு செல்லாது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். ரெனின் (உடம்பில் உப்பு போதுமா என்று காட்டும் சிறுநீரகச் சுரப்பு), சோடியம், பொட்டாசியம் பரிசோதனையும் சேர்த்துப் பார்ப்பார். நீங்களாக மாத்திரையைக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

அப்புறம், இருமலுக்கு அதிமதுரம் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது பி.பி.யை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

வாந்தி நிற்காமல் பிள்ளை துவண்டு கிடந்தால் மெஷினைத் தேடாதீர்கள். குழந்தைகளுக்கு பி.பி. இறங்குவது நிலைமை மோசமான பிறகு, கடைசியில்தான். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, அவசரத்துக்கான ஹைட்ரோகார்டிசோன் ஊசியைப் போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.