ஏர்கோன்ல சத்தம் வந்தா இந்தத் தப்பைப் பண்ணாதீங்க

போன வாரம் சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளிய ஒரு தாமான் வீட்டுக்குப் போயிருந்தேன். கூட ஒரு தம்பி, வேலைக்கு வந்து நாலு மாசந்தான் ஆகுது. ரூம்ல ஏர்கோனைப் போட்ட கொஞ்ச நேரத்துல சுவர் முழுக்க 'ர்ர்ர்'னு ஒரு உறுமல். தம்பி வெளிய போயி யூனிட்டைப் பாத்தான், அது லேசா ஆடுறதப் பாத்தான், திரும்பி வந்து ஆன்ட்டிகிட்ட 'கம்ப்ரசர் போச்சு ஆன்ட்டி'ன்னு சொல்லிட்டான், அதாவது வெளி யூனிட்ல கேஸ அமுக்கித் தள்ற மோட்டாரே போச்சுன்னு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அதே வார்த்தைய இன்னொரு வீட்ல நின்னு நானும் சொன்னவன்தான். அதனாலதான் இத எழுதறேன். மெயின் சுவிட்ச அடைக்காம மூடியத் திறக்கிறது, ஃபில்டர கழுவாம விடறது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

சத்தம் எப்ப வருதுன்னு கேக்காம ஸ்க்ரூடிரைவர எடுக்கிறது

அந்தச் சத்தத்தோட ராத்திரி பூரா படுத்திருக்கிறது வீட்டுக்காரங்க. மொத அவங்ககிட்ட கேளுங்க. போட்டதும், அடைச்சதும் 'டிக் டிக்'னு வந்தா அது பிளாஸ்டிக் குளுந்து சுருங்கி, சூடாகி விரியிற சத்தம், அதுல ரிப்பேர் பண்ண ஒண்ணுமில்ல. லேசா 'ஸ்ஸ்'னு வந்தா கேஸ் பைப்புல ஓடுது, அதுவும் இயல்புதான். ஒரே தாளத்துல 'கீச் கீச்'னு வந்தா, ப்ளோவருக்கு, அதான் உள் யூனிட்ல காத்தத் தள்ற உருளைக்கு, மோட்டார் இல்லாத பக்கத்துல ஒரு ரப்பர் புஷ் இருக்கும் பாருங்க, அது காஞ்சிருக்கும். உள் யூனிட்டே தடதடன்னு ஆடினா ப்ளோவர்ல ஒரு பக்கம் மட்டும் அழுக்கு கட்டியிருக்கும், இல்லன்னா பல்லி மாட்டிச் செத்திருக்கும்.

அப்புறம் ரிமோட்ட எடுத்து ஃபேன் மோடுக்கு மாத்துங்க. அதுல உள்ள இருக்கற ப்ளோவர் மட்டும் சுத்தும், கம்ப்ரசர் நின்னுடும். சத்தம் அப்படியே இருந்தா உள்ளதான் தேடணும், நின்னுபோச்சுன்னா வெளிய போங்க. திரும்ப கூல் போட்டா கம்ப்ரசர் ஒடனே ஓடாது, ஏறக்குறைய 3 நிமிஷம் கழிச்சுத்தான் எடுக்கும். அந்த 3 நிமிஷ அமைதியப் பாத்து சத்தம் போயிடுச்சுன்னு டூல்ஸ் பேக்க மூடிட்டுக் கெளம்பிடாதீங்க.

'கம்ப்ரசர் போச்சு'

இன்னிக்கும் எனக்கு ஆத்திரம் வர்ற தப்பு இதுதான், கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பதினஞ்சு வருஷம் இருக்கும். செம்பனைத் தோட்டத்துல வேலை செஞ்சு ஓய்வான ஒரு ஆன்ட்டி, அங்கிளுக்கு நெஞ்சு ஆப்பரேஷன் ஆகி வீட்ல படுத்திருந்தாரு, வெக்கையில தூங்க முடியலன்னு மகன் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் வாங்கிப் போட்டிருந்தான். கொஞ்ச நாள்ல அதுல உறுமல் ஆரம்பிச்சிடுச்சு. நான் போனேன், வெளிய நின்னு கேட்டேன், கம்ப்ரசர் பக்கந்தான் சத்தம் அதிகமா இருந்துச்சு, வேற எதையும் பாக்கல, தொட்டுக்கூட பாக்கல, 'கம்ப்ரசர் போச்சு ஆன்ட்டி, மாத்தணும், 850 வெள்ளி ஆகும்'னு சொல்லிட்டேன். அவங்க ஒரு வார்த்த எதுத்துப் பேசல. கூட்டுச் சீட்டு எடுத்த காசு, ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வச்சிருந்தத எடுத்து என் கையில குடுத்தாங்க.

ஈப்போ போயி கம்ப்ரசர் வாங்கி, பழசக் கழட்டி, புதுச வெல்டிங் வச்சு, வேக்கம் போட்டு பைப்புல இருக்கற காத்த உறிஞ்சி, கேஸ் ஏத்தி, ஒரு நாள் முழுக்க வேல. அன்னிக்கு ராத்திரியே போன் வருது, 'தம்பி, அதே சத்தம்பா.'

என் முதலாளி புது கம்ப்ரசர் செட்டாக கொஞ்ச நாள் ஆகும்னு சொல்லச் சொன்னாரு. நானும் போயி அதையே சொன்னேன், இப்ப நெனச்சாலும் கூசுது. மூணாவது தடவ போனப்ப ஏணியில நின்னுகிட்டு விழாம இருக்க காப்பர் பைப்பப் புடிச்சேன், சத்தம் டக்குன்னு நின்னுபோச்சு. கைய எடுத்தேன், வந்துடுச்சு. திரும்பப் புடிச்சேன், நின்னுச்சு. குனிஞ்சு பாத்தா சுவத்துல அடிச்ச இரும்பு பிராக்கெட்டோட ஓரத்துல பைப்பு ஒட்டிகிட்டு இருக்கு, மேல சுத்தின கருப்பு இன்சுலேஷன் அறுந்து, ஒரஞ்ச எடத்துல காப்பர் புது நகை மாதிரி பளபளன்னு இருக்கு. இன்னும் சில மாசம் விட்டிருந்தா அங்கேயே ஓட்ட விழுந்து கேஸ் பூரா போயிருக்கும். மோட்டார் சைக்கிள் பழைய டியூப்பை ஒரு சாண் வெட்டிச் சுத்தி கேபிள் டை போட்டேன். ரெண்டு நிமிஷ வேல.

அதுக்கு 850 வெள்ளி. முதலாளி ஒரு காசு திருப்பித் தரல, என் சம்பளத்துலேருந்து மாசா மாசம் கொண்டு போயி ஆன்ட்டிகிட்ட குடுத்து முடிக்க ஏழு மாசம் ஆச்சு.

இதுல புரிஞ்சுக்க வேண்டியது, கம்ப்ரசர்னா அதிரத்தான் செய்யும், அந்த அதிர்வ அடக்கத்தான் அதுக்குக் காலடியில ரப்பர் இருக்கு, பைப்ப வளைச்சு வளைச்சு விட்டிருக்காங்க. எங்கயாவது இரும்பு இரும்பத் தொட்டா அதிர்வு அது வழியா ஏறி சுவத்துக்குப் போயிடும், பைப்பு வழியா உள்ள போனா உள் யூனிட்டோட பின் தகடு மத்தளம் மாதிரி முழங்கும். சத்தம் பெருசாக் கேக்கற எடம் ஒண்ணு, அது பொறக்கற எடம் வேறொண்ணு. அதனால ஓடிகிட்டு இருக்கறப்பவே உள்ளங்கைய வச்சு ஒவ்வொண்ணா அமுக்குங்க, ஃபேன் இறக்கை பக்கம் மட்டும் போகாதீங்க. பைப்பு, மேல் மூடி, பக்கத் தகடு, பிராக்கெட்டு, கால். எங்க அமுக்கினா சத்தம் மாறுதோ அங்க நில்லுங்க. அப்பவும் புரியலன்னா நீளமான ஸ்க்ரூடிரைவர் நுனிய அந்தத் தகட்டுல வச்சு, கைப்பிடிய காதுக்கு முன்னால இருக்கற எலும்புல ஒட்டி வச்சுக் கேளுங்க, டாக்டர் குழாய் வச்சுக் கேக்கற மாதிரி தெளிவாக் கேக்கும்.

இன்னொண்ணு, இன்வெர்ட்டர் இல்லாத பழைய யூனிட்டுல 'ம்ம்ம்'னு முனகிட்டு எடுக்காமலே நின்னா அதுக்கும் கம்ப்ரசர் மேல பழி போடாதீங்க. கம்ப்ரசர ஸ்டார்ட் பண்ண வைக்கிற கப்பாசிட்டர் செத்திருந்தாலும் இதே முனகல்தான். கப்பாசிட்டர் மேலயே எத்தனை மைக்ரோஃபாரட்னு எழுதியிருக்கும், மீட்டர் வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும். கரண்ட அடைச்ச பிறகும் உள்ள சார்ஜ் நிக்கும், அத எறக்காம கைய வைக்காதீங்க.

சத்தத்துக்கு கேஸ் ஏத்தறது

ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போற சாமான் இல்ல, மூடின பைப்புக்குள்ளயே சுத்திச் சுத்தி வர்றது. கொறஞ்சிருந்தா எங்கயோ லீக். சரியா இருக்கறதுக்கு மேல இன்னும் ஏத்தினா, அது திரவமாவே கம்ப்ரசருக்குள்ள திரும்பும், திரவத்த அமுக்க முடியாது, அங்க 'டொக் டொக்'னு தட்ட ஆரம்பிக்கும். நல்ல கம்ப்ரசர நெசமாவே சாவடிக்கிற வழி இதுதான். ஆர்-410ஏ, ஆர்-32 ரெண்டும் பழைய ஆர்-22 விட ஒன்றரை மடங்குக்கு மேல அழுத்தத்துல ஓடுற கேஸு, ஆர்-32 தீயும் புடிக்கும். பழைய பிரஷர் கேஜ மாட்டி ஏத்திப் பாக்கற வேலையே வேண்டாம், தராசு வச்சு எடை போட்டு ஏத்துங்க.

ப்ளோவர பாதி கழுவறது

கண்ணுக்குத் தெரியற பக்கம் மட்டும் தண்ணி அடிச்சா எடை ஒரு பக்கமா சாஞ்சிடும், சர்வீஸ் பண்ணின பிறகுதான் சத்தமே வருதுன்னு ஏச்சு வாங்குவீங்க. கையால சுத்திச் சுத்தி முழுசாக் கழுவுங்க. சில ப்ளோவர் இறக்கையில குட்டியா ஒரு கிளிப்பு இருக்கும், அழுக்குன்னு நெனச்சுப் புடுங்கிடாதீங்க, எடை சமமா இருக்கத்தான் அத மாட்டியிருக்காங்க.

ரப்பர் புஷ்ல தேங்காய் எண்ணெய்

வேண்டாம். புதுசு மாத்துங்க.

பகல்ல மட்டும் கேட்டுட்டு வர்றது

மொதல்ல சொன்ன அந்தத் தாமான் மெயின் ரோட்டோரம், செம்பனைக் குலை லோரி ஒண்ணு மாத்தி ஒண்ணு போயிகிட்டே இருக்கும், அந்த இரைச்சல்ல எது எங்கேருந்து வருதுன்னு பிரிக்க முடியாது. அதனால தம்பியக் கூட்டிகிட்டு ராத்திரி ஒன்பதரைக்குத் திரும்பப் போனேன். நான் ஒண்ணும் சொல்லல, கீழ நின்னு டார்ச் மட்டும் புடிச்சேன். அவன் ஏணியில ஏறி பைப்ப அமுக்கினான், மூடிய அமுக்கினான், மாறல. யூனிட்டோட நாலு காலையும் ஒவ்வொண்ணா தொட்டுகிட்டு வந்தான். மூணு கால்ல ரப்பர் இருக்கு, நாலாவதுல அது நைஞ்சு போயி, கால் நேரா இரும்பு மேல ஒக்காந்திருக்கு. நட்டைக் கொஞ்சம் தளத்தி சின்ன மரத்துண்டு ஒண்ண அடியில சொருகினான். உறுமல் நின்னுபோச்சு, உள்ளேருந்து ஆன்ட்டி 'அடைச்சிட்டீங்களாப்பா'ன்னு கேட்டாங்க.

மறுநாள் நாலு ரப்பரும் புதுசா மாத்திக் குடுத்தோம். எல்லாம் சேத்து 40 வெள்ளி வாங்கினோம்.