நானோசைம் சோதனையில் நீலத்தை நம்பும் முன்

2007-ல் சீன அறிவியல் கழகத்தில் ஷியூன் யான் குழுவினர், இரும்பு ஆக்சைடு நானோதுகள்கள், பெராக்சைடைக் கொண்டு பிற பொருள்களை ஆக்சிஜனேற்றும் பெராக்சிடேஸ் நொதியைப் போலவே வேலை செய்வதைக் காட்டினார்கள். இப்படி நொதி போல நடக்கும் நானோதுகள்களைத்தான் நானோசைம் என்கிறோம். இன்று குளுக்கோஸ் முதல் புற்றுநோய்ப் புரதம் வரை கண்டறியும் நிறமாற்றச் சோதனைகள் பலவும் அந்த வழியில் வந்தவையே. துகளையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும், ஆக்சிஜனேற்றமடைந்தால் நீலமாகும் டி.எம்.பி. என்ற நிறமற்ற வேதிப்பொருளோடு கலந்தால் கரைசல் நீலமாகும். அந்த நீலத்தின் அடர்வை 652 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்கலாம்.

நீலம் வந்தால் மட்டும் போதாது, அது எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். துகள் இல்லாமல் ஒரு குழாய், பெராக்சைடு இல்லாமல் ஒரு குழாய் கட்டாயம் வையுங்கள். இரண்டாவதிலும் நீலம் வந்தால், துகள் கரைசலில் உள்ள ஆக்சிஜனையே எடுத்துக்கொள்கிறது. அமிலத்தில் சீரியம் ஆக்சைடு அப்படித்தான் நடக்கும். பலரும் விட்டுவிடும் மூன்றாவது சோதனையும் உண்டு: துகளை அமில பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்) ஊறவைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேல்நீரை மட்டும் சோதிப்பது. அதுவே நீலமானால், கரைந்துபோன இரும்பு அயனிகளும் அங்கே வேலை செய்கின்றன.

குளுக்கோஸ் சோதனையில், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி குளுக்கோஸிலிருந்து பெராக்சைடை உருவாக்கும்; அந்தப் பெராக்சைடைத்தான் துகள் நீலமாகக் காட்டும். எல்லாவற்றையும் ஒரே குழாயில் ஊற்றும் ஆசை வரும். இரும்பு ஆக்சைடுக்கு பி.எச். 3.5 முதல் 4 வரை பிடிக்கும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அந்த அமிலத்தில் சுணங்கிவிடும். முதலில் நடுநிலை பஃபரில் நொதியை வேலை செய்யவிட்டு, பிறகு அமில பஃபரும் டி.எம்.பி.யும் சேர்ப்பதே நல்லது.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது வேறொன்று. சுத்தமான பஃபரில் கிடைத்த கண்டறிதல் வரம்பை (கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவை) நோயாளியின் மாதிரிக்கும் பொருத்திவிடுகிறார்கள். வைட்டமின் சி, குளுட்டாதயோன் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் நீலத்தைத் திரும்ப நிறமற்றதாக்கும். சீரப் புரதங்கள் துகளின் மேல் படிந்து அதன் வேகத்தைக் குறைக்கும். வைட்டமின் மாத்திரை போட்டவரின் சிறுநீரில் குளுக்கோஸ் இருந்தும் நிறம் மங்கலாகத் தெரியலாம். மாதிரியை நீர்க்கச் செய்து பாருங்கள்; தெரிந்த அளவு குளுக்கோஸைச் சேர்த்து, அது முழுமையாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

'இயற்கை நொதியை விடச் சிறந்தது' என்ற வரியையும் யோசித்து எழுதுங்கள். அந்த 2007 ஆய்விலேயே டி.எம்.பி.யை நானோதுகள் நொதியை விட நன்றாகப் பற்றியது. ஆனால் பெராக்சைடுக்கான மைக்கேலிஸ் மாறிலி (உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான செறிவு; குறைவாக இருந்தால் பிடிப்பு நல்லது) துகளுக்கு 154 மில்லிமோலார், குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸுக்கு 3.7 மட்டுமே. நம் மாதிரியில் பெராக்சைடு குறைவாகவே உருவாகும் என்பதால், பெராக்சைடுக்கான இந்த மாறிலியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.