காணிக் குடியிருப்பில் ஊட்டமும் எழுத்தும்: உதவப் புறப்படும் குழுவினருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணையைச் சுற்றியுள்ள மலைகளில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று எண்ணும் குழுவினர், பணம் திரட்டுவதற்கு முன்பாகக் குடியிருப்பின் தலைவரான மூட்டுகாணியைச் சந்தித்து, ஊருக்கு எது தேவை என்று கேட்க வேண்டும். வனத்துறையின் அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும்போது பணியைத் தொடங்க நாள் குறிக்காதீர்கள்.

அடுத்த வேலை, அங்கன்வாடிப் பணியாளருடன் சேர்ந்து பிள்ளைகளை அளப்பது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் இடது மேற்கையின் நடுப்பகுதியைச் சுற்றி வண்ணப் பட்டையால் அளக்கும்போது, 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவு, 11.5 முதல் 12.5 செ.மீ.க்குள் இருந்தால் மிதமானது. முதல் வகைக் குழந்தையை உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நாம் தரும் உணவு அதற்கு மருந்தாகாது. 1975 முதல் நடைபெறும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் இணை உணவு ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உரியது என்பதால், தொலைவு காரணமாக அது எட்டாத வீடுகள் எவை என்று கண்டறிந்து, அங்கே உங்கள் உதவியைத் தொடங்குங்கள்.

உணவைப் பொறுத்தவரை, நகரத்திலிருந்து சத்துமாவு டப்பாக்களைச் சுமந்து செல்லும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. டப்பா தீர்ந்ததும் திட்டமும் தீர்ந்துவிடும். மலையில் மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்கு விளைகிறது. அது வயிற்றை நிறைக்கும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. ஆகவே, வீட்டில் ஏற்கெனவே ஆகும் சமையலோடு ஒன்றைச் சேர்ப்பதே எளிது. கிழங்கின் தோலை உரித்து, துண்டுகளாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். கிழங்கிலுள்ள நச்சுத்தன்மை இதனால் பெருமளவு குறையும். பிறகு தேங்காய், சீரகம், மஞ்சள் அரைத்துச் சேர்த்து மசிக்கும்போது, வேகவைத்த சிறுபயறு ஒரு கைப்பிடியும், வறுத்துப் பொடித்த நெத்திலிக் கருவாடு சிறிதளவும் கலந்தால் பிள்ளைகள் விரும்பி உண்பார்கள். கருவாட்டைக் குளச்சலிலோ தேங்காய்ப்பட்டினத்திலோ வாங்கிச் செல்லலாம். நன்கு உலர்ந்ததா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு முருங்கைக் கம்பு நட்டுக் கொடுப்பதும் வீண்போகாது.

ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் கனமழைக் காலத்திலும், மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு நின்று, அதை நம்பியிருக்கும் வீடுகளின் கூலி குறையும். பயறு, கருவாடு இருப்பை அந்த மாதங்களுக்கென ஒதுக்கி வையுங்கள். பால் வெட்டுவோர் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விடுவதால், பிள்ளைகள் காலையில் எதைத் தின்கிறார்கள் என்பதையும் விசாரித்தறிய வேண்டும்.

எழுத்து கற்பிப்பதற்கு மாலை நேரமே ஏற்றது. அதே குடியிருப்பில் படித்த பெண் ஒருவரை ஊதியத்துடன் அமர்த்துவது வெளியாள் வந்து போவதைவிட நிலைக்கும். தமிழும் மலையாளமும் கலந்த காணிப் பேச்சோடு வரும் குழந்தையிடம் அந்தப் பேச்சைத் திருத்துவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பாட்டி சொல்லும் கதையைக் குழந்தையே சொல்ல, ஆசிரியர் பெரிய எழுத்தில் எழுதி, அதையே முதல் பாடமாக வாசிக்க வைக்கலாம். பெரியவர்களுக்கு ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த பால்) விற்கும்போது தரும் எடைச்சீட்டே நல்ல பாடநூல்: கிலோ, விலை, கழிவு (பிடித்தம்) ஆகிய மூன்றையும் வாசிக்கத் தெரிந்தவரிடம் கணக்கில் கைவைக்க வியாபாரி தயங்குவார். காட்டில் வாழ்வோரின் நில உரிமையை ஏற்கும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விண்ணப்பத்தில் கைநாட்டு வைப்பதற்கு முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பது அடுத்த பாடமாகட்டும்.

மூன்று மாதம் கழித்து அதே பட்டையால் அதே பிள்ளைகளை மீண்டும் அளந்து, அளவுகளை மூட்டுகாணியின் வீட்டில் இருக்கும் நோட்டில் எழுதி வையுங்கள்.