சின்ன நாய்தானே என்று விட்டால் வரும் வினை

எங்கள் வீட்டுக்குப் பொமரேனியன் குட்டி வந்தது ஆனி மாதத்தில். செங்கோட்டையில் அது சாரல் காலம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று நாள் முழுக்கத் தூறலை வீசிக்கொண்டே இருக்கும். புறவாசல் கதவைத் திறந்தால் குட்டி ஒரு காலை ஈரத்தில் வைத்துப் பார்க்கும், உதறும், உள்ளே ஓடிவிடும். அடுத்த நிமிடம் கட்டிலுக்கடியில் மூத்திரம் போய் வேலை முடிந்திருக்கும்.

அதைப் பிடிவாதம் என்று நினைத்தது எங்கள் தப்பு. அத்தனை குள்ளமான குட்டிக்கு நனைந்த புல் நேரே வயிற்றில் படும். துணி காயப்போடும் தகரக் கூரைக்குக் கீழே கொஞ்சம் மண்ணைக் கொட்டி அதையே இடமாக்கினோம், சரியாயிற்று. அந்த இடத்தை மாற்றக் கூடாது. இன்று மாடி, நாளை திண்ணை என்றால் குட்டி எதைத்தான் நினைவில் வைக்கும்?

சின்ன இனங்களில் எல்லோரும் செய்கிற பெரிய தவறு, ‘ஒரு கரண்டிதானே’ என்று துடைத்துவிட்டுப் போவது. லாப்ரடார் குட்டி கூடத்தில் குளம் கட்டினால் வீடே பதறும். பொமரேனியன் போனால் யாருக்கும் தெரிவதே இல்லை. புனலூரில் சித்தி வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் சுத்தமாகத் தெரியாது. காலில் பட்டால்தான் உண்டு. பார்க்காமல் விட்ட ஒவ்வொரு தடவையும் அந்த இடம் அதற்குக் கழிப்பறையாகிறது.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், விளையாட்டுக்கு நடுவே என்று தூக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரம் அடக்குவதே அதிகம். தரையை மோந்துகொண்டு வட்டமடித்தால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்துவிடுங்கள்.

மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கச் சொல்லுவார்கள். செய்யாதீர்கள். அதிலிருந்து குட்டி கற்பது ஒன்றுதான்: மனிதர் பார்க்கும்போது போகக் கூடாது. அப்புறம் பீரோவுக்குப் பின்னால் தேட வேண்டிவரும். நல்லபடியாகப் போனால் அங்கேயே, அந்த நொடியிலேயே, நிலக்கடலை அளவு அவித்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்ளும். முடித்ததும் உடனே தூக்கிக்கொண்டு வராதீர்கள். விளையாட்டு முடிந்துவிடும் என்று தெரிந்தால் வேண்டுமென்றே தாமதிக்கும்.

செய்தித்தாளில் பழக்குவது சிலருக்கு வசதி. ஆனால் எங்கள் அப்பா கூடத்தில் விரித்துப் போட்டுப் படித்துக்கொண்டிருந்த நாளிதழிலும் போய்விட்டது. அதன் கணக்கில் அது சரிதானே!

துடைக்க அமோனியா கலந்த திரவம் வேண்டாம். அதன் நெடி மூத்திர நெடியைப் போலவே இருப்பதால் குட்டி மறுபடி அங்கேயே வரும். வினிகரில் தண்ணீர் கலந்து துடைக்கலாம். செல்லப்பிராணிக் கடைகளில் இதற்கென்றே விற்கும் என்சைம் திரவம் இன்னும் நல்லது.

வெளியே பழக்குகிறேன் என்று தடுப்பூசி முடியுமுன் தெருவில் இறக்குவதும் ஆபத்து. குட்டிகளின் உயிரையே பறிக்கும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 16 வாரம் வரை தவணை ஊசிகள் உண்டு, அதுவரை சொந்த வளவுக்குள் போதும். ஒழுங்காகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால், அது பயிற்சிக் குறையாக இருக்காது. மூத்திரப் பையில் தொற்று இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.