வசூல்காரர்களின் போன் நின்றது இப்படித்தான்

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. பாம்பனில் எங்கள் விசைப்படகு சும்மா கிடக்க, இன்ஜினுக்கு வாங்கிய கடனில் இரண்டு தவணை நின்றுபோனது. அப்புறம் ஆரம்பித்தது போன், காலை ஆறரைக்கு, ராத்திரி பத்துக்கு, கடைசியில் என் மச்சானுக்கும் போட்டுக் கேவலமாகப் பேசினார்கள், அதுதான் தாங்கவில்லை. காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் அழைக்கக் கூடாது, குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அழைப்பு நேரங்களை நோட்டில் எழுதி, பேச்சைப் பதிவு செய்து, கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கி, கடன் நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்றும் எழுதினேன். பன்னிரண்டாம் நாள் போன் நின்றது. தவணையை, தடை முடிந்து கடலுக்குப் போனதும் கட்டினேன்.