தமிழறிஞரின் கையெழுத்துப் படிகள்: பீரோவிலிருந்து காப்பகம் வரை

அறிஞர் ஒருவர் மறைந்ததும் வீட்டார் முதலில் அவர் அறையை ஒழுங்குபடுத்துவார்கள். பாதி ஆவணம் அங்கேயே போய்விடுகிறது. எந்தக் கடிதம் எந்தக் கட்டுரைக் கட்டுக்குள் செருகியிருந்தது என்பதே ஆய்வாளருக்குப் பெரிய செய்தி. எனவே எதையும் தொடுமுன் மேசை, பீரோ, பரண் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். கட்டைப் பிரிக்காமல் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். 3-ஆம் பெட்டி, 2-ஆம் கட்டு, 17-ஆம் தாள் என்றால் 03-02-017. தாளின் ஓரத்தில் 2B பென்சிலால் மென்மையாக எழுதினால் போதும். பேனா கூடவே கூடாது.

பின்பக்கத்தைப் பார்க்காமல் எந்தத் தாளையும் ஒதுக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகையின் பின்புறம் சங்கப் பாடலுக்குக் குறிப்பு எழுதியிருப்பார். பத்திரிகையில் அச்சான தேதியைக் கொண்டு, அதற்கு முன்பு எழுதியதல்ல என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை போன்ற கொம்புள்ள ‘லை’, ‘ணை’ வடிவங்களும் துப்புக் கொடுக்கும். ஆனால் பழகிய கையை மாற்றாதவர்கள் பலர். அதை மட்டும் நம்பிக் காலம் குறிக்க முடியாது.

குண்டூசியும் ஸ்டேப்ளர் முள்ளும் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். முள்ளை இழுத்துப் பிடுங்கினால் அந்த இடம் கிழிந்து கையோடு வரும். தாளைக் கவிழ்த்து, முள்ளின் இரு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, பிறகு முன்பக்கமாக எடுக்க வேண்டும். ஊசி சேர்த்திருந்த தாள்களை அமிலமற்ற தாள் ஒன்றை மடித்து அதற்குள் வையுங்கள், சேர்க்கை கலையாது. பழைய செல்லோடேப்பைப் பிய்க்க வேண்டாம், எழுத்தும் சேர்ந்து உரியும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்: சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க வழியில்லை. பத்திரிகை நறுக்குகளின் அமிலம் பக்கத்துத் தாளைப் பழுப்பாக்கும், தனியே பிரித்து வையுங்கள். வெப்பத்தால் அச்சாகும் பழைய ஃபேக்ஸ் தாளின் எழுத்து மங்கிக்கொண்டே இருக்கும். அவற்றை முதலில் நகலெடுங்கள்.

இராமபாணப் பூச்சி அரித்த கட்டுக்கு அந்துருண்டை போடாதீர்கள், அதன் நெடி கையாளுபவருக்குக் கெடுதல். கட்டைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 2 வாரம் உறையவையுங்கள். வெளியே எடுத்த பின் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் தாளில் நீர் கோக்கும். மழையில் நனைந்த தாளில் 48 மணி நேரத்திலேயே பூஞ்சணம் பிடிக்கலாம். வெயில் வேண்டாம், மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள்.

ஸ்கேனரில் வருடி எடுப்பதானால் 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), வண்ணத்தில், டிஃப் (TIFF) படக் கோப்பாக, இரு பக்கமும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நீல மையில் எழுதிப் பிறகு சிவப்பில் திருத்தியது தெரியாமல் போகும். கணினியில் யூனிகோடு பரவுமுன் வழங்கிய டிஸ்கி, பாமினி முறைகளில் தட்டிய கோப்புகள் இருந்தால் மூலத்தையும் எழுத்துருவையும் அப்படியே வைத்து, யூனிகோடு பிரதியைத் தனியாக உருவாக்குங்கள். மாற்றும்போது ‘ஔ’ என்ற ஓரெழுத்து ‘ஒள’ என்று இரண்டெழுத்தாகிவிடலாம்; கண்ணால் சரிபார்த்தே ஆக வேண்டும். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில்.

சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்குக் கொடுக்குமுன் ஒப்பந்தம் எழுதுங்கள். தாளைக் கொடுப்பதும் பதிப்புரிமையைக் கொடுப்பதும் வேறு வேறு. அவருக்கு வந்த கடிதங்களின் உரிமை பொதுவாக எழுதியவரிடமோ அவர் வாரிசிடமோ இருக்கும். குடும்ப விஷயம் உள்ள கடிதங்களை எரிக்காமல் உறையிலிட்டு மூடி, எந்த ஆண்டு திறக்கலாம் என்று உறை மேலேயே குறித்துக் கொடுங்கள்.