வளைகாப்புக்கு ஆர்டிஃபிஷியல் பூச்சரம் வெச்சு ஹால் சுவரை நாமளே அலங்கரிக்கறது எப்படி?

டெக்கரேஷன் ஆளு யாரும் வேணாம்ங்க, ஹால்ல ஒரு 8 அடி சுவர் இருந்தா போதும்.

முதல்ல வாங்கறது. கடையில கிடைக்கற சாமந்தி சரம் பெரும்பாலும் 5 அடி நீளம் இருக்கும், மஞ்சள் ஆரஞ்சு ரெண்டும் கலந்து 17 சரம் எடுத்துக்கோங்க, அரை அடிக்கு ஒண்ணுன்னு தொங்கவிட்டா 8 அடிக்கு இதுதான் கணக்கு. பூவை லேசா இழுத்து பாருங்க, நூல்ல நகர்ந்துச்சுன்னா வேற சரம் கேளுங்க.

நிறைய பேர் ஒவ்வொரு சரத்தையும் செலோடேப் போட்டு சுவர்ல ஒட்டறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, விசேஷத்து நடுவுல ஒண்ணொண்ணா விழும், பெயின்ட்டும் உரியும். அதுக்கு பதிலா ஜன்னல் கம்பியோ கர்ட்டன் ராடோ பார்த்து தரையிலேர்ந்து 7 அடி உயரத்துல ஒரு கொடிக்கயிறை நல்லா இழுத்து கட்டுங்க, நடுவுல ஒரு ஆணி சப்போர்ட் கட்டாயம் வேணும், இல்லன்னா கனத்துல தொய்ஞ்சிடும்.

கயிறுக்கு பின்னாடி ஒரு பட்டுப்புடவையையோ ப்ளைன் துணியையோ அயர்ன் பண்ணி தொங்கவிடுங்க. மஞ்சள் பூவுக்கு பச்சையும் அரக்கும் செமையா எடுக்கும்.

இப்போ சரம். கயிறுல அரை அடிக்கு ஒரு ஸ்கெட்ச் புள்ளி வெச்சுட்டு, நடு ஏழு சரத்தை மட்டும் ரெண்டா மடிச்சு கட்டுங்க, ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு சரம் முழு நீளத்துக்கு தொங்கட்டும். மடிச்சது ரெண்டரை அடிதான் இறங்கும், அதனால சேர்ல உக்கார்ற பொண்ணு தலைக்கு மேலயே நின்னுடும், பக்கத்து சரமெல்லாம் சட்டம் போட்ட மாதிரி முகத்தை எடுப்பா காட்டும், போட்டோல வித்தியாசம் அப்படியே தெரியும்.

பெட்டியில மடங்கி வந்த இதழை ஒவ்வொண்ணா விரல்ல விரிச்சு விடுங்க, நேரம் எடுக்கும்தான், ஆனா பூ நிஜமா தெரியறதே இந்த வேலையிலதான்.

குத்துவிளக்கை இந்த சுவர்கிட்ட வைக்கவே கூடாது, பாலியஸ்டர் டக்குனு பத்திக்கும், நாலஞ்சு அடி தள்ளியே இருக்கட்டும். சாமி படத்துக்கும் பொண்ணு தலைக்கும் நிஜ மல்லி, வாசலுக்கு நிஜ மாவிலை, இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முடிஞ்சதும் அவுத்து, ஷாம்பு தண்ணியில அலசி நிழல்ல காயவெச்சு, ஒவ்வொரு சரத்தையும் தனித்தனியா பேப்பர்ல சுத்தி வெச்சுடுங்க, சிக்காம அப்படியே கொலுவுக்கு எடுத்துக்கலாம்.